நெமுரோ: யாருடைய கடல் என்று சொல்லாமல் மீன் பிடிக்கும் நகரம்

ஜப்பானின் வடகிழக்கு மூலையிலிருந்து மூன்று வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. பிப்ரவரி 7 அன்று, ரஷ்யாவிடம் உள்ள நான்கு தீவுகளைத் திருப்பித் தரக் கோரும் கூட்டங்கள். ஜூன் வாக்கில், கடல்பாசி அறுக்க ரஷ்யா அனுமதித்ததா இல்லையா என்ற செய்தி. இலையுதிர் காலத்தில், சான்மா மீன் இந்த ஆண்டும் ஏமாற்றியது என்றோ கொஞ்சம் தேறியது என்றோ ஒரு செய்தி. மூன்றிலும் நெமுரோ என்ற ஊரின் பெயர் இருக்கும். தனித்தனியாகப் படித்தால் எதுவும் பிடிபடாது. தீவு பறிபோயிருக்கும்போது அந்த நாட்டிடமே பணம் கட்டிப் பாசி அறுப்பானேன்? மீன் எல்லை பார்த்தா போகிறது? அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஊர் இருக்கும் இடம்

ஹொக்கைடோ தீவின் கிழக்குக் கோடியில் விரல் நீட்டியதுபோல் ஒரு தீபகற்பம். அதன் மேல் நெமுரோ. தெற்கே பசிபிக், வடக்கே நெமுரோ நீரிணை, அதற்கு அப்பால் ஒகோட்ஸ்க் கடல். 1960களில் ஐம்பதாயிரத்தை நெருங்கிய மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 25,000க்கும் கீழே வந்துவிட்டது. 2025 மார்ச்சில் ஹிகாஷி நெமுரோ ரயில் நிலையம் மூடப்பட்டது. அதுவரை ஜப்பானின் கிழக்குக் கோடி ரயில் நிலையம் அதுதான்.

தீபகற்பத்தின் முனை நொசப்பு. அங்கே நின்றால் 3.7 கிலோமீட்டரில் கைகரா என்ற பாறைத் திட்டு தெரியும். கடல் ஏறும்போது பெரும்பகுதி மூழ்கிவிடும் அந்தத் திட்டில் 1937இல் ஜப்பான் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. இன்று அது ரஷ்யாவின் பிடியில். அதாவது, ஊரின் மீனவர் கரையை விட்டு அரை மணி நேரம் விசைப்படகில் போனால் இன்னொரு நாட்டின் எல்லைக் காவல் படகைப் பார்ப்பார். ஊருக்குள் சாலைப் பலகைகளில் ரஷ்ய எழுத்தும் உண்டு.

குளிர்ந்த கடலில் ஏன் இவ்வளவு மீன்

நெமுரோவின் அட்சரேகை 43 டிகிரியை ஒட்டியது. பிரான்சின் மார்செய் துறைமுகமும் அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. ஆனால் நெமுரோவில் ஆகஸ்ட் மாதச் சராசரியே 17, 18 டிகிரிதான். கோடை முழுக்கக் கடல்மூடுபனி. குளிர்காலத்தில் ஒகோட்ஸ்க் கடலிலிருந்து மிதவைப் பனி இறங்கி நீரிணையை அடைக்கும். இத்தனை தெற்கே கடல் உறைவதற்கு ஒரு நதி காரணம்.

ரஷ்ய, சீன எல்லை வழியே ஓடிவரும் அமுர் ஆறு பெருமளவு நன்னீரை ஒகோட்ஸ்க் கடலில் கொட்டுகிறது. நன்னீர் லேசானது, உப்புநீர் கனமானது. அதனால் உப்புக் குறைந்த ஒரு மெல்லிய அடுக்கு கடலின் மேல் போர்வைபோல் பரவி நிற்கிறது. பொதுவாகக் கடல்நீர் குளிர்ந்தால் கனமாகிக் கீழே இறங்கும், அடியிலிருந்து வெப்பமான நீர் மேலே வரும், ஆகவே உறைய நேரமாகும். இங்கே அந்தச் சுழற்சி மேலே உள்ள ஐம்பது மீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. சைபீரியக் காற்று அடித்ததும் அந்த மேலடுக்கு மட்டும் சீக்கிரம் குளிர்ந்து உறைந்துவிடும்.

மீனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இப்படி:

1. கடல்நீர் உறையும்போது உப்பு வெளியேறுகிறது. அந்த உப்பேறிய கனத்த நீர் அடியில் இறங்கி, அமுர் கொண்டுவந்த இரும்புச் சத்தையும் சேர்த்துக்கொண்டு தெற்கே நகர்கிறது.
2. குரில் தீவுகளுக்கு இடைப்பட்ட நீரிணைகளில் ஓதம் அதைக் கலக்கி மேலே தூக்குகிறது. அது பசிபிக்கில் ஒயாஷியோ என்ற குளிர் நீரோட்டத்தோடு சேர்கிறது.
3. கடலின் நுண்தாவரங்களுக்கு இரும்பு அவசியம். நடுக்கடல் நீரில் அது அரிது. ஒயாஷியோவில் கிடைப்பதால் வசந்தத்தில் நுண்தாவரங்கள் பொங்கிப் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன மிதவை உயிரிகள், மிதவை உயிரிகளைத் தின்ன மீன்.

ஒயாஷியோ என்ற ஜப்பானியச் சொல்லுக்கே 'பெற்றோர் நீரோட்டம்' என்று பொருள். தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்துக்குப் பெயர் குரோஷியோ, 'கருநீரோட்டம்'. சத்து குறைவாக இருப்பதால் தெளிந்து, ஆழம் கறுத்துத் தெரியும். கலங்கிய கடலில் மீன், தெளிந்த கடலில் அழகு. ஆக, நெமுரோவின் மீன்வளம் ரஷ்ய மண்ணிலிருந்து ஆறு வழியாக வருகிறது. இந்த உண்மையை அரசியல் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

கோடு விழுந்த கதை

தீவுகள் நான்கு: எதொரோஃபு, குனாஷிரி, ஷிகொதான், ஹபொமாய். கடைசியது உண்மையில் ஒரு சிறு தீவுக்கூட்டம். ஜப்பான் இவற்றை 'வடக்கு நிலப்பகுதி' என்கிறது, ரஷ்யா 'தெற்குக் குரில்' என்கிறது. இருவருக்கும் முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள் ஐனு மக்கள். ஜப்பானிய வணிகர்களின் கொடுமையான வேலைவாங்கலை எதிர்த்து 1789இல் குனாஷிரியிலும் எதிர்க்கரையிலும் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்குத் தண்டனையாக ஐனு மக்கள் 37 பேரை நெமுரோ தீபகற்பத்தின் நொக்கமப்புவில் ஜப்பானியர் கொன்றார்கள். 'தொன்றுதொட்டு எங்கள் மண்' என்று எந்தத் தலைநகரம் சொன்னாலும் இந்த வரியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதன் பிறகான சட்ட வரலாறு:

1. 1855 பிப்ரவரி 7: ஷிமோதா ஒப்பந்தம். எல்லை எதொரோஃபுவுக்கும் அதற்கு வடக்கே உள்ள உருப் தீவுக்கும் நடுவே. பிப்ரவரி 7 கூட்டங்களுக்கு இதுவே காரணம்.
2. 1875: சகாலின் தீவை ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்து, குரில் தீவுகள் முழுவதையும் ஜப்பான் பெற்றது.
3. 1945: ஜப்பான் சரணடைவதாக அறிவித்த பின், ஆகஸ்ட் 28 தொடங்கி செப்டம்பர் 5க்குள் சோவியத் படை நான்கு தீவுகளையும் பிடித்தது. அங்கே வாழ்ந்த ஜப்பானியர் 17,291 பேர். சிலர் படகேறித் தப்பினார்கள், மற்றவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டார்கள். பலர் வந்து இறங்கிய இடம் நெமுரோ. ஜூலையில் அமெரிக்க விமானத் தாக்குதலில் அந்த ஊரே எரிந்து கிடந்தது.
4. 1951: சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் ஜப்பான் 'குரில் தீவுகள்' மீதான உரிமையைக் கைவிட்டது. அந்தச் சொல்லுக்குள் இந்த நான்கும் அடங்குமா என்பதே இன்றைய வழக்கு. அடங்காது என்கிறது ஜப்பான். சோவியத் ஒன்றியம் அதில் கையெழுத்தே போடவில்லை.
5. 1956: கூட்டுப் பிரகடனம். போர் நிலை முடிந்தது. சமாதான ஒப்பந்தம் ஏற்பட்ட பின் ஹபொமாயையும் ஷிகொதானையும் தருவதாக மாஸ்கோ ஒப்புக்கொண்டது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. நாட்டின் மண்ணை விட்டுக்கொடுப்பதைத் தடுக்கும் திருத்தத்தை 2020இல் ரஷ்யா தன் அரசமைப்பில் சேர்த்தது.

இதில் நெமுரோவுக்கு ஒரு தனிச் சிக்கல். ஹபொமாய் கிராமம் 1959இல் நெமுரோவோடு இணைந்தது. அதனால் ஜப்பானியச் சட்டப்படி ஹபொமாய் தீவுகள் நெமுரோ நகராட்சியின் ஒரு பகுதி. மற்ற தீவுகளின் கிராமங்களுக்கான குடும்பப் பதிவேட்டையும் 1983 முதல் நெமுரோதான் பராமரிக்கிறது. நகராட்சி ஊழியர் காலடி வைக்க முடியாத வார்டுகளுக்கு நகராட்சி அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது.

எல்லை என்று சொல்லக் கூடாத எல்லை

ஹொக்கைடோவுக்கும் தீவுகளுக்கும் நடுவே கடலில் ஒரு கோடு இருப்பதாக எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். மீனவர்கள் அதைச் 'சூகான் ரைன்', நடுக்கோடு, என்பார்கள். தோக்கியோவைப் பொறுத்தவரை அது எல்லை கிடையாது. எல்லை என்று ஒப்புக்கொண்டால் தீவுகளை விட்டுக்கொடுத்ததாகிவிடும். ஆனால் தாண்டிப் போனால் ரஷ்யக் காவல் படகு பிடிக்கும். 1946 முதல் இந்தக் கடற்பகுதியில் பிடிபட்ட ஜப்பானியப் படகுகள் 1,300க்கும் மேல், ஆட்கள் 9,000க்கும் மேல். 2006 ஆகஸ்டில் கைகரா அருகே நண்டுப் படகு ஒன்றின் மீது சுட்டதில் ஒருவர் இறந்தார். சொந்த நாட்டின் சட்டப்படி இல்லாத ஒரு கோட்டைத் தாண்டி உயிர் போனது.

பனிப்போர்க் காலத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழியும் இருந்தது. ஜப்பானியச் செய்திகளையும் பொருட்களையும் சோவியத் தரப்புக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கோட்டுக்கு அப்பால் மீன் பிடிக்கும் சலுகையைப் பெற்ற படகுகளை 'ரெப்போசென்', தகவல் படகு, என்றார்கள். தேசத்துரோகம் என்று பெரிய நகரங்களில் எழுதினார்கள். பசி எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் படகு போயிற்று என்பதுதான் என் கணிப்பு.

முறையான வழி ஒப்பந்தங்கள். முக்கியமானவை நான்கு:

1. 1963, கைகரா கடல்பாசி ஒப்பந்தம். ஜப்பான் அரசு கையெழுத்திட்டால் ரஷ்யாவின் ஆட்சியை ஏற்றதாகிவிடும். ஆகவே ஜப்பான் தரப்பில் மீன்வளச் சங்கம் ஒன்று கையெழுத்திட்டது. ஆண்டுதோறும் பேசி, பணம் கட்டி, கைகராவைச் சுற்றி கோம்பு என்ற பட்டைப் பாசியை எடுக்கிறார்கள். நீண்ட கழியைத் தண்ணீரில் விட்டு, பாசியைச் சுற்றி முறுக்கி, வேரோடு இழுக்கும் வேலை. கரைக்கு வந்ததும் கூழாங்கல் பரப்பில் நீளநீளமாக விரித்துக் காயவைப்பார்கள். ஜப்பானியச் சமையலின் அடிச்சாறு இதில்தான் தொடங்குகிறது.

2. 1984, பரஸ்பர மீன்பிடி ஒப்பந்தம். 1977இல் இரு நாடுகளும் 200 கடல் மைல் மண்டலத்தை அறிவித்தன. கரையிலிருந்து அவ்வளவு தூரம் வரை மீன்வளம் அந்தந்த நாட்டுக்கே என்ற முறை அது. உன் மண்டலத்தில் இவ்வளவு நான், என் மண்டலத்தில் இவ்வளவு நீ என்று பங்கிட்டுக்கொள்ள இந்த ஒப்பந்தம்.

3. 1985, சால்மன் ஒப்பந்தம். பலரைக் குழப்புவது இதுதான். தன்னுடைய 200 மைலுக்குள் சால்மன் பிடிக்கவும் ஜப்பான் ரஷ்யாவுக்குப் பணம் தருகிறது. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பும். அந்த ஆறு ஓடும் நாட்டுக்கே அந்த மீனில் முதல் உரிமையும் பொறுப்பும் என்பது ஐ.நா. கடல் சட்டத்தின் 66ஆவது பிரிவு. மீன் எங்கே பிடிபட்டாலும் அதன் தாய்வீடு ரஷ்ய ஆறு.

4. 1998, பாதுகாப்பான மீன்பிடிப்பு ஒப்பந்தம். நான்கு தீவுகளைச் சுற்றிய 12 மைல் கடலுக்குள்ளேயே ஜப்பானியப் படகுகள் போய், அலாஸ்கா பொல்லாக், ஹொக்கே ஆகிய மீன்களையும் ஆக்டோபஸையும் பிடிக்கலாம் என்றது அது. ஜப்பான் பணம் தந்தது. இதில் எழுதப்பட்டதை விட எழுதாமல் விட்டது பெரிது. அந்தக் கடல் யாருடையது என்றோ, விதி மீறினால் யார் தண்டிப்பது என்றோ அதில் இல்லை. எந்தத் தரப்பின் நிலைப்பாட்டையும் இது பாதிக்காது என்று மட்டும் இருக்கிறது.

அந்த வாக்கியத்தின் பலத்தில்தான் இருபத்து நான்கு ஆண்டுகள் வலை விழுந்தது. கேள்வியைத் தீர்க்க முடியாது என்று இரு தரப்புக்கும் தெரிந்த இடத்தில், கேள்வியைத் தொடாமல் தொழில் நடத்தும் வழி. வழக்கறிஞர்களின் சாமர்த்தியம் என்று சொல்லலாம், ஆனால் சமைத்துச் சாப்பிடும் அளவுக்கு உதவிய சாமர்த்தியம். அதன் பலவீனமும் அங்கேயே இருந்தது. ஒருவர் நாளை காலை நிறுத்திவிட்டாலும் மற்றவர் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. போனால் முதல் கேள்வியே 'கடல் யாருடையது' என்பதாக இருக்கும்.

2022க்குப் பிறகு அறுந்ததும் அறாததும்

முதல் அடி அதற்கு முன்பே விழுந்தது. ரஷ்யா தன் மண்டலத்தில் மிதவை வலையை 2016 ஜனவரி முதல் தடை செய்தது. மிதவை வலையில் இலக்கு இல்லாத உயிர்களும் மாட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். நெமுரோவின் சால்மன் படகுகளுக்கு முக்கியமான கடல் அத்தோடு மூடியது.

உக்ரைன் போரையொட்டி ஜப்பான் தடைகள் விதித்ததும் 2022 மார்ச்சில் ரஷ்யா சமாதான ஒப்பந்தப் பேச்சிலிருந்து விலகியது. அந்த ஆண்டு ஜூன் 7 அன்று 1998 ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் அந்த ஆண்டுக்கான பேச்சுக்கே வர மறுத்தது. 1992 முதல் விசா இல்லாமல் தீவுகளுக்குப் போய்வந்த ஏற்பாட்டையும் ரத்து செய்தது. பழைய குடியிருப்பாளர்கள் பெற்றோரின் கல்லறைக்குப் போய்வருவதும் நின்றுபோனது. 17,291 பேரில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் ஐயாயிரம் பேர் அளவில். சராசரி வயது தொண்ணூறை நெருங்குகிறது.

அறாமல் இருப்பவையும் உண்டு. கடல்பாசி ஒப்பந்தம் 2022 ஜூன் தொடக்கத்தில், 1998 ஒப்பந்தம் நிறுத்தப்பட்ட அதே வாரத்தையொட்டி, தாமதமாகக் கையெழுத்தானது. அதன் பிறகும் தொடர்ந்தது. சால்மன் பேச்சும் நடக்கிறது. இதைவிட விசித்திரம், ரஷ்ய நண்டும் கடல்முள்ளெலியும் ஜப்பானுக்குள் வந்துகொண்டே இருப்பது. அமெரிக்கா ரஷ்யக் கடலுணவை அடியோடு தடை செய்தபோது, ஜப்பான் வர்த்தகச் சலுகைத் தகுதியை மட்டும் ரத்து செய்தது. நண்டின் சுங்கவரி 4 சதவீதத்திலிருந்து 6 ஆயிற்று, அவ்வளவே. நெமுரோவின் பதப்படுத்தும் கூடங்கள் அந்தச் சரக்கை நம்பியிருப்பதைத் தோக்கியோ அறிந்திருந்தது. நெமுரோ படகு அந்தக் கடலுக்குப் போக முடியாது, அந்தக் கடலின் நண்டு நெமுரோவுக்கு வரலாம்.

சான்மா ஏன் தள்ளிப் போனது

அரசியலை நிறுத்திவிட்டு மீனுக்கு வருவோம். சான்மா ஒல்லியான, வெள்ளிப் பளபளப்புள்ள மீன். நம் முரல் மீனுக்குத் தூரத்துச் சொந்தம், இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஜப்பானிய எழுத்தில் 'இலையுதிர்காலக் கத்தி மீன்' என்று எழுதுவார்கள். ஆயுள் இரண்டு ஆண்டுகள் அளவே. தெற்கே வெப்ப நீரில் பிறந்து, வடபசிபிக்கில் மேய்ந்து கொழுத்து, இலையுதிர்காலத்தில் ஒயாஷியோவோடு ஜப்பானியக் கரையை ஒட்டி இறங்கும். அந்த வழியில் முதல் பெரிய துறைமுகம் நெமுரோவின் ஹனசாக்கி. சான்மா இறக்குவதில் பல்லாண்டுகளாக நாட்டிலேயே முதலிடம்.

பிடிப்பது இரவில். படகின் ஒரு பக்கம் வெள்ளை விளக்குகளை எரித்து மீனைக் கூட்டுவார்கள். மறுபக்கம் கழியில் தொங்கும் வலை இறங்கியிருக்கும். இந்தப் பக்க விளக்குகளை வரிசையாக அணைத்து, மீனை வலைப் பக்கம் நகர்த்தி, சிவப்பு விளக்கைப் போட்டதும் மீன் மேற்பரப்பில் கொதிநீர்போல் துள்ளும். அப்போது வலை மேலே ஏறும்.

ஜப்பானின் மொத்தச் சான்மா மீன்பாடு 2008இல் சுமார் 3.5 லட்சம் டன். 2022இல் 18,000 டன்னுக்கும் கீழே. பிறகு ஓரளவு மீண்டது, ஆனால் பழைய அளவு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. வீழ்ச்சிக்கு அந்நியக் கப்பல்களே காரணம் என்ற பேச்சு ஜப்பானில் அதிகம் கேட்கும். அது பாதிக்கதை. காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன:

1. கரையோரக் கடல் சூடானதும் ஒயாஷியோவின் கரைப்பக்கக் கிளை பலவீனமாயிற்று. சான்மா குளிர்ந்த நீரைத் தேடி நடுப்பசிபிக் பக்கம் விலகியது.
2. நடுக்கடலில் தீனி குறைவு. மீன் மெலிகிறது, மெதுவாக வளர்கிறது, முட்டையும் குறைகிறது.
3. அந்த நடுக்கடல் பொதுக்கடல். தைவான், சீனப் பெருங்கப்பல்கள் அங்கேயே தங்கிப் பிடித்து உறைய வைக்கின்றன. முன்பு ஒரே இரவில் போய்த் திரும்பிய நெமுரோ படகுகளுக்கு அந்த இடம் போக இரண்டு மூன்று நாள். டீசல் செலவு, போதாததற்கு ரஷ்யக் கட்டுப்பாட்டு நீரைச் சுற்றிப் போக வேண்டிய தூரம். சிறு படகுகளுக்குக் கட்டுப்படியாகாது.

வடபசிபிக் மீன்வள ஆணையம் 2019இல் முதல்முறையாகப் பிடிப்பு வரம்பு நிர்ணயித்தது: 5,56,250 டன். அந்த ஆண்டு உலகம் முழுவதும் பிடித்த சான்மாவே அதைவிட மிகக் குறைவு. வயிற்றைவிடப் பெரிய தட்டு எதையும் கட்டுப்படுத்தாது. 2021இல் 3,33,750 ஆகக் குறைத்தார்கள். 2025க்கு 2,02,500.

சான்மா போன இடத்துக்கு மத்தி வந்திருக்கிறது, தெற்கத்திய புரி மீனும் வலையில் விழுகிறது. ஆனால் கூடங்களின் இயந்திரம், பெட்டி அளவு, வாங்கும் வியாபாரி எல்லாம் சான்மாவுக்காக அமைந்தவை. 2021 இலையுதிர்காலத்தில் கிழக்கு ஹொக்கைடோவைத் தாக்கிய செந்நீர்ப் பாசிப் பெருக்கம் கடல்முள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. குளிர்க்கடலுக்குப் பழக்கமில்லாத தொல்லை அது.

மீன் இல்லாத நகரத்துக்குப் பணம் எங்கிருந்து

இத்தனைக்கும் பிறகு நகராட்சி திவாலாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காரணம் 'ஃபுருசாதோ நோசெய்', சொந்த ஊர் வரி என்ற திட்டம். 2008இல் வந்தது. தோக்கியோவில் வாழ்பவர் விரும்பிய ஊருக்கு நன்கொடை தந்தால், 2,000 யென் போக மீதி, ஒரு வரம்பு வரை, அவருடைய வரியில் கழியும். அந்த ஊர் நன்கொடையின் 30 சதவீதத்துக்கு மிகாமல் பரிசு அனுப்பலாம். பெயர் சொந்த ஊர், நடைமுறையில் நண்டு எங்கே நன்றாகக் கிடைக்குமோ அதுவே சொந்த ஊர்.

நெமுரோ அனுப்புவது நண்டு, சால்மன் முட்டை, ஸ்காலப் சிப்பி. 2021 நிதியாண்டில் வந்தது சுமார் 1,460 கோடி யென், 2022இல் சுமார் 1,760 கோடி. இரண்டு ஆண்டுகளிலும் நாட்டிலேயே மூன்றாம் இடம். சான்மா வரலாறு காணாத அடிமட்டத்தைத் தொட்ட அதே ஆண்டில் நகரக் கருவூலம் நிரம்பியது. உள்ளூர்ப் பொருள் என்பதற்கான விதியை மைய அரசு அவ்வப்போது இறுக்குகிறது. ஊரில் பிடித்ததா, வெளியிலிருந்து வந்து ஊரில் பதப்படுத்தியதா என்ற கேள்வி அதில் முக்கியம். விதியில் ஒரு வரி மாறினால் வருமானம் சரியும். ரஷ்யக் கடலோரக் காவலைப் போலவே, தோக்கியோவின் அமைச்சகமும் நெமுரோவின் கட்டுப்பாட்டில் இல்லை.

கைகரா விளக்கு

ஒரு சிறு நிகழ்வில் மேலே சொன்ன அனைத்தையும் பார்க்கலாம். கைகராவின் கலங்கரை விளக்கம் 2014இல் அணைந்துபோனது. மூடுபனிக் கடலில், பாறைத் திட்டைச் சுற்றிப் பாசி எடுக்கும் படகுகளுக்கு அந்த வெளிச்சம் தேவை. ஜப்பான் ஆள் அனுப்பிச் சரிசெய்ய முடியாது, ரஷ்யாவிடம் சரிசெய்யச் சொன்னால் அது ரஷ்யாவின் சொத்து என்றாகிவிடும். ஒன்பது ஆண்டுகள் இருட்டு. 2023 ஜூலையில் விளக்கு மறுபடி எரிந்தது, ரஷ்யத் தரப்பு ஏற்றியது. கோபுரத்தில் ரஷ்யக் கொடியும் தெரிந்தது.

தோக்கியோ கண்டனம் தெரிவித்தது. நெமுரோ படகுகள் அந்தப் பருவத்திலும் பாசி எடுக்கப் போயின.